முன் சீட்டில் இருந்தவர்

டீச்சரம்மாவுக்கு,

எழுப்பினால் சண்டையை முதலிலிருந்து ஆரம்பிப்பாய் என்று எழுப்பவில்லை. மகளையும் அவளுடைய டபுள் பேஸையும் பள்ளி இசைப் போட்டியில் இறக்கிவிட்டு, உன்னை அழைத்துப்போக வருகிறேன். ஆள் உயர வயலின் அது, முன் சீட்டில் சாய்த்தால்தான் காருக்குள் அடங்குகிறது. சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன்.

போன போட்டிக்கு உன்னை விட்டுவிட்டுப் போனதையே சொல்லிக்காட்டாதே. நீ வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாய். பேஸை முன் சீட்டில் ஏற்றி, உறை போட்டு, பெல்ட்டும் மாட்டிவிட்டது மகள். திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தது மட்டும்தான் நான். பின்னால் காதில் பாட்டோடு இருந்தவள் தலையைத் தூக்கி, "அம்மா எங்கப்பா?" என்று கேட்கும்வரை பாதி வழி அதோடு பேசிக்கொண்டே போனேன். பதிலே வரவில்லை. கோபமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுச் சாவி ஆணியில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் டிரைவர்

பி.கு.: நீ வரும்போது முன் சீட் காலியாக இருக்கும். போய்ச் சேரும்வரை திட்டிக்கொண்டே வா. சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.