நான் கொன்ற யாளிக்காரன்

இன்று மத்தியானம் மார்க்கெட் பக்கம் போனேன். லைப்ரரிக்காரர் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். இத்தனை வருடம் வாடகைக்கு விட்ட புத்தகங்களையெல்லாம் வாசலில் கொட்டி, வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார். காக்கி அட்டையும் பூச்சி உருண்டையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. குனிந்து தேடினேன். கிடைத்துவிட்டான் உன் ஆள். மூன்றாம் பாகம்.

இப்போது என் எதிரில் கிடக்கிறான். இன்னும் பிரிக்கவில்லை. நீ போய் மூன்று வருடமாகிறது. உன்னிடம் மறைத்த ஒன்றை ஒப்புக்கொண்ட பிறகுதான் அட்டையைத் திறப்பது என்று உட்கார்ந்திருக்கிறேன். தோயன் சாகவில்லையடி. நான்தான் பொய் சொன்னேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். நமக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்த சமயம். நான் ரைஸ் மில்லில் நெல் அவித்துவிட்டு உமித்தூசியோடு வீடு வருவேன். நீ பக்கத்து வீட்டுத் தறிக்காரர்களுக்காகப் பட்டு நூலைக் குச்சியில் சுற்றி, தார் போட்டுக்கொண்டிருப்பாய். வலது கை இராட்டையைச் சுற்றும், இடது கை நூலைப் பிடிக்கும், எதிரே மணைமேல் புத்தகம் விரிந்திருக்கும். பக்கம் பறக்காமலிருக்க அதன்மேல் என் கண்ணாடிக் கூடு. நான் வந்ததை நீ கவனிப்பது எப்போது என்றால், கண்ணாடிக்காக அந்தக் கூட்டை நான் எடுக்கும்போதுதான்.

மேகத்துக்கு மேலே ஒரு மலைநாடு. அதைக் காக்க ஒரு யாளி. அதற்கு வயதாகிப் பல்லெல்லாம் கொட்டிவிட்டது. அரசனுக்குத் தெரிந்தால் அதைக் கொன்றுவிட்டு வேறொன்றைப் பிடித்துவரச் சொல்வான். அதனால் தீனி போடுகிற தோயன், நரைத்த மீசையும் நொண்டும் முழங்காலுமாக, ஊரையே ஏமாற்றிக் காலம் தள்ளுகிறான். அவ்வளவுதான் கதை. அதற்கு மூன்று பாகம்.

"நாப்பது வயசுல சின்னப் பசங்க மாதிரி யாளிக் கதை படிச்சிகினு இருக்கியே" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாளியப் படிக்கிறேன்னு யாரு சொன்னது? நான் அவனப் படிக்கிறேன். யாளி பொய்தாங்க. அவன் பயம் நெஜம். ஒரு பொய் சொல்லிட்டு எப்பிடி தவிக்கிறான் பாருங்க. நம்ம தெருவுல எந்த ஆம்பள தவிக்கிறான்?"

எனக்குச் சுருக்கென்றது. நம்ம தெரு என்றால் அதில் நானும்தானே இருக்கிறேன். பறக்கிற குதிரை, மந்திரக் கத்தி வைத்திருக்கிற ராஜகுமாரன் யாராவது உனக்குப் பிடித்திருந்தால் விட்டிருப்பேன். அவனோடு எனக்கென்ன போட்டி? ஆனால் இவனுக்கு என் வயது, என்னைப் போலவே முழங்கால் வலி, என்னைப் போலவே சம்பள வேலை. இவனைப் போய் உனக்குப் பிடிக்கிறதென்றால் வயிறு எரியாதா?

இரண்டாம் பாகம் முடிந்தது. அரசன் ஆட்கள் துரத்த, அவன் யாளியை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறான். மூன்றாம் பாகம் யாரிடமோ மாட்டிக்கொண்டது. சனிக்கிழமைதோறும் மில்லிலிருந்து வரும்போது விசாரித்து வரச் சொன்னாய். சொந்தத் தம்பி ஊருக்குப் போனவன் என்ன ஆனான் என்று கேட்கிற மாதிரி, நான் செருப்பைக் கழற்றுமுன் கேட்பாய். அப்படி ஒரு சனிக்கிழமை காலையில்தான் நான் கேட்டேன்.

"நம்ம கல்யாணத்தன்னிக்கு நான் என்ன சட்ட போட்டிருந்தேன், சொல்லு?"

"எல்லாரும் போடறதுதான். வெள்ள."

சந்தனக் கலர். என் அண்ணன் வேலூரில் எடுத்துக் கொடுத்தது.

"சரி, அந்தத் தோயன் என்ன போட்டிருப்பான்?"

"கம்பளிப் போர்வ. எடது தோள்ல மூணு எடத்துல கிழிசல், ஒண்ண மட்டும் அவனே தெச்சிருப்பான்" என்றாய், இராட்டையை நிறுத்தாமலே.

அன்று சாயங்காலம் மூன்றாம் பாகம் வந்திருந்தது. லைப்ரரி வாசலிலேயே நின்று கடைசி நாலு பக்கத்தைப் படித்தேன். குகை வாசலில் வெயில் காய்ந்துகொண்டு, யாளியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சௌக்கியமாக உட்கார்ந்திருந்தான். பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னேன்: "புக்கு இன்னும் வரல. ஆனா லைப்ரரிக்காரரு சொன்னாரு, தோயன் செத்துட்டானாம்."

நீ இராட்டையை நிறுத்திவிட்டாய். எழுந்து போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாய். சாவு சேதி வந்தால் செய்கிற மாதிரி. ஈரத்தலையோடு வெறும் ரசம் வைத்தாய். பக்கத்து வீட்டம்மா கூந்தலைப் பார்த்துவிட்டு யார் தவறிவிட்டார்கள் என்று கேட்டதற்கு, "எங்களுக்கு ரொம்ப வேண்டியவரு" என்றாய். இனி அந்தப் புத்தகம் வேண்டாம், விசாரிக்கப் போகவேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டாய். பத்து நாள் இராட்டைச் சத்தமே சுரத்தில்லாமல் இருந்தது. பதினோராம் நாள் வடை, பாயசம். கருமாதியே முடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு தம்ளர் பாயசம் குடித்தேன்.

தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் தப்புக்கணக்கு போட்டேன். உயிரோடிருப்பவன் என்றைக்காவது ஒரு தப்பு செய்வான். செத்தவன் செய்யமாட்டான். "அவன் இருந்தா இந்நேரம் கொழாத் தண்ணி புடிச்சி வெச்சிருப்பான்" என்பாய். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். "பாவம், அவனா இருந்தா பூண்டு உரிச்சிகினே பேசுவான்." நான் பூண்டை எடுத்துக்கொள்வேன். கொன்ற பாவம் என்னுடையதாயிற்றே, மறுத்துப் பேச வாய் வருமா? இப்படியே எட்டு வருடம். ஒருதரம் தாங்காமல் கத்திவிட்டேன்.

"செத்தவன் பேச்ச இன்னும் எத்தினி நாளைக்கு பேசிகினு இருப்ப? பேஜாராக்குது."

"வேண்டியவங்கள சட்டுனு மறக்க முடியுமாங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உன் தோள் குலுங்கியது. அழ வைத்துவிட்டேனே என்று அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது சொல்லிவிட நினைத்தேன். "உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "எல்லாம் தெரியும், போயி காப்பி வாங்கினு வாங்க" என்றாய். வாங்கி வருவதற்குள் தூங்கிவிட்டாய். அதற்குமேல் எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்ல நினைத்தது இதுதான். சொல்லிவிட்டேன். இனி பிரிக்கிறேன்.

பிரித்தேன். ஒரு கையால் அட்டையைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உள்ளட்டையில் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கிறது. எடுத்துப் போனவர்களின் உறுப்பினர் நம்பர் வரிசையாக இருக்கிறது. அதில் நம் நம்பர், 212. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நம் நம்பர்தான். பக்கத்தில் உன் சுழித்த கையெழுத்து. தேதியை எண்ணிப் பார்த்தேன். நான் அவனைக் கொன்ற பதினோராம் நாள்.

அடிப்பாவி. அந்தப் பாயசம் அதற்கா? அப்படியானால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு நீ அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாய். அவன் உயிரோடிருப்பது உனக்குத் தெரியும், அது உனக்குத் தெரியுமென்று எனக்குத் தெரியாது. எட்டு வருடம் நீங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைத் தண்ணீர் தூக்க வைத்திருக்கிறீர்கள்.

நடுவில் ஒரு பக்கத்தில் ஊதா நூல் கிடக்கிறது. தார் நூல், பிரியாமலிருக்க நுனியில் மூன்று முடிச்சு. நீ அடையாளம் வைக்கிற விதம். அந்தப் பக்கத்தைப் படித்தேன். காட்டில் யாளி எதையும் தின்னாமல் சாகக் கிடக்கிறது. தோயன் கிழங்கை அவித்து, நார் எடுத்து, விரல் நுனியால் கூழாகப் பிசைந்து, ஊதி ஆற்றி, கொஞ்சம் கொஞ்சமாக அதன் வாயில் வைக்கிறான்.

உன்னால் மெல்ல முடியாமல் போன அந்தக் கடைசி வாரத்தில், சோற்றை ரசம் விட்டுக் குழைத்து, கறிவேப்பிலை பொறுக்கி, ஊதி ஊதி உனக்கு ஊட்டினேன். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சிரித்தாய். "தோயன் தோத்தான் போங்க" என்றாய். காய்ச்சலில் ஏதோ உளறுகிறாய் என்று வாயைத் துடைத்துவிட்டேன். அவன் அந்தப் புத்தகத்தில் என்ன செய்தான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாதே.

இப்போதும் விடியற்காலையில் குடம் நிறைத்துத்தான் வைக்கிறேன். ஒற்றை ஆளுக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று பக்கத்து வீட்டம்மா கேட்கிறாள். பூண்டு உரித்துக்கொண்டே பேசுகிற பழக்கமும் போகவில்லை, பேசத்தான் ஆளில்லை. ஜெயித்தது நான் என்று உன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அது போதும் எனக்கு, சந்தோஷம்.

ஆனால் அந்தச் சீட்டை முழுக்கப் பார்த்துவிட்டேன். 212 என்று ஒரு தரம் இல்லை, மூன்று தரம் இருக்கிறது. கதைதான் தெரிந்துவிட்டதே, அப்புறமும் இரண்டு தரம் அவனை எதற்காக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாய்?