கருப்புக் கிட்டாரின் பழைய பிரிட்ஜ்

மட்சுமோட்டோ,
மே 11

அன்பு மகள் கசுஹாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், லிஸ்பனில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவர் நினைப்பும். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் ஆப்பிள் தோட்டத்துக்கு மிகைப் பூவைக் கிள்ளிவிடப் போகாமல் இருக்கமாட்டாள். உன் அண்ணன் ஷும்பெயின் இரண்டாம் வருஷ நினைவு நாளுக்குக் கோயிலிலிருந்து வந்து ஓதிவிட்டுப் போனார்கள். நீ வரவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை, அதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ஷும்பெயின் கிட்டாரை அப்படியே அனுப்பச் சொல்லியிருந்தாய் அல்லவா, பார்சல் வந்து சேருமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தூசி தட்டத்தான் பெட்டியைத் திறந்தேன். முதுகுப்பக்கம் முழுக்க அவன் பெல்ட் கீறிய கீறல்கள், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் கை ஊன்றும் இடத்தில் தங்க முலாம் போய்க் கறுத்துக் கிடந்தது. முப்பத்தெட்டு வருஷம் கிட்டார் கம்பெனியில் பாலிஷ் சக்கரத்தின் முன்னால் நின்றவன் நான், கீறலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க இந்தக் கைக்குத் தெரியாது. மூன்று நாள் தேய்த்தேன். பிரிட்ஜ், முறுக்காணி, குமிழ் எல்லாம் புதிதாக மாட்டினேன். எனக்குப் பிடித்த வெள்ளி நிறம் வாங்காமல் அவனுக்குப் பிடித்த தங்க நிறமே வாங்கினேன் என்று எனக்குள் பெருமை வேறு. கருப்பு அரக்கில் தங்கம் வைத்தால் வீட்டில் முன்னோரைக் கும்பிடும் மாடம் மாதிரி இருக்கிறதென்று நான் அவனைக் கேலி செய்வேனே, நினைவிருக்கிறதா? "மாடமாவே இருக்கட்டும்பா, தினமும் என் முன்னாடி உக்காருங்க" என்பான். இப்போது நிஜமான மாடத்தில் அவன் படம் இருக்கிறது, தினமும் அதன் முன் உட்காருகிறேன்.

வேலை முடித்து அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள், கையை வைக்கவில்லை. "இது யாருதுங்க?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அவள் நிஜமாகவே கேட்டாள். அப்போதுதான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று புரிந்தது. அவன் கை அந்தக் கிட்டாரில் விட்டுப் போன எல்லாவற்றையும் நானே என் கையால் அழித்துவிட்டேன் மகளே. முதுகுக் கீறல்களை இனி யாராலும் கொண்டுவர முடியாது. என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

கழற்றிய பழையவற்றை நல்லவேளை எறியவில்லை. பச்சைத் தேயிலை டப்பாவில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அங்கே நல்ல ஆளிடம் கொடுத்து மாட்டிக்கொள், மாட்டாமல் வைத்திருந்தாலும் சரி, அது உன் இஷ்டம். வேளைக்குச் சாப்பிடு, கிட்டார் வாசித்துவிட்டு வியர்த்த கையோடு குளிரில் போகாதே. மாதம் ஒரு தடவையாவது அம்மாவிடம் பேசு. நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே, டப்பாவில் இருக்கும் பிரிட்ஜின் மேல் துணி படக்கூடாது. அவன் வியர்வை பட்டுக் கறுத்த இடம் அப்படியே இருக்கிறது. என் ஆயுசில் நான் துடைக்காமல் அனுப்பும் பொருள் அது ஒன்றுதான்.

உன் அப்பா,
ஃபுரிஹாட்டா யொஷினொபு