மூன்றும் நான்கும் ஓர் அறையில்

அக்டோபர் 7, திங்கள்

தங்கைக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பள்ளிப் படியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். ஆறு வாரம் எழுதக் கூடாதாம். மாற்று ஆசிரியர் கிடைக்கவில்லை என்று அவளுடைய தலைமையாசிரியர் என் வாசலில் வந்து நின்றார். நான் ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம். யோசித்துச் சொல்கிறேன் என்று பத்து நிமிடம் காக்கவைத்தேன். உண்மையில், அவர் வாயைத் திறந்தபோதே மனம் சரி என்றுவிட்டது. என் கணவர் போன பிறகு, காலை எட்டு மணிக்கு என்னை எதிர்பார்க்கும் இடம் என்று ஒன்று இருந்ததில்லை.

ஒரே அறையில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும். முப்பத்தொரு பிள்ளைகள். ஒரே ஆசிரியர். இப்படி ஒரு கலவையில் நான் வேலை பார்த்ததில்லை.

"உனக்கு ரெண்டு கண்ணு இருக்குல்ல, வகுப்புக்கு ஒண்ணா வச்சுக்கோ" என்கிறாள் தங்கை. கை ஒடிந்தும் வாய் குறையவில்லை. ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் சொல்கிறேன், உட்கார் என்றாள். வருகைப் பதிவேடு போதும் என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

இதை வகுப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. யார் மூன்று, யார் நான்கு என்று கடவுளுக்குத்தான் தெரியும். மூன்றாம் வகுப்புப் பையன் நான்காம் வகுப்புக் கணக்கைப் போடுகிறான். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி, அறையிலேயே உயரமானவள், சின்னப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து அவர்கள் வாசிப்பதைக் கேட்கிறாள். ஒரே பாடத்தை எட்டுப் பேரிடம். யார் அவள் என்றால், "சின்ன டீச்சர்" என்று ஒரே குரலில் பதில்.

தங்கை தன் வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டியிருக்கிறாள்.

அக்டோபர் 10, வியாழன்

அறையைப் பிரித்தேன். ஜன்னல் பக்கம் மூன்று, கதவுப் பக்கம் நான்கு. ஒரு பக்கம் பாடம் நடக்கும்போது மறு பக்கம் எழுத்து வேலை. மூச்சுவிடும் சத்தம் கேட்டது. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "நம்ம ஸ்கூல்தானான்னு சந்தேகமா இருக்கு மேடம்" என்றார்.

அக்டோபர் 11, வெள்ளி

சின்ன டீச்சரை எழுப்பி நான்காம் வகுப்புப் பாடத்தை வாசிக்கச் சொன்னேன். புத்தகத்தைப் பிடித்தபடி நின்றாள். அழுத்தக்காரி என்று நினைத்தேன். "வாசிக்கிறவரை உட்கார வேண்டாம்" என்றேன். முதல் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். இரண்டாவது சொல்லில் நின்றுவிட்டாள். ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு பையன், "சின்ன டீச்சருக்கே படிக்கத் தெரியல" என்றான். அறை முழுக்கச் சிரிப்பு.

சிரித்தவர்களைக் கண்டித்தேன். அவளையும் மணி அடிக்கும்வரை உட்காரவிடவில்லை. இருபது நிமிடம் இருக்கும்.

அக்டோபர் 14, திங்கள்

அவள் வரவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

இன்றும் வரவில்லை.

அக்டோபர் 16, புதன்

தங்கை வீட்டுக்குப் போனேன். கேட்கத்தான் போனேன். "ஏண்டி, வாசிக்கத் தெரியாத பிள்ளையையா மத்தவங்க வாசிக்கிறதைக் கேக்க உக்கார வச்சிருக்க?"

அவள் முகம் மாறிவிட்டது. "என்ன பண்ணின, சொல்லு" என்றாள். சொன்னேன்.

"ரெண்டாம் வகுப்புல பாதி வருஷம் ஆஸ்பத்திரில கிடந்தவ அவ. சின்னதுங்களோட உக்காந்து படின்னா செத்தாலும் உக்கார மாட்டா. அதான், அதுங்க சரியா படிக்குதான்னு கேளுன்னு வச்சேன். எட்டுத் தடவை கேக்கறப்ப, கூடவே புத்தகத்துல விரல் வச்சுட்டே வருவா. நாலு மாசத்துல பாதிப் புத்தகம் வந்துடுச்சு. ரெண்டு வகுப்பும் ஒரே ரூம்ல இருக்கப்போய்த்தான் அதைச் செய்ய முடிஞ்சது." மாவுக்கட்டுக் கையை மடியில் இறக்கி வைத்தாள். "அவளுக்குப் படிக்க வராதுன்னு அங்க என்னையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது, அக்கா."

பிறகு மெதுவாக, "தெரியாம இருந்துச்சு" என்றாள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சொல்றேன்னுதான் சொன்னேன். பதிவேடு போதும்னுட்டு எந்திரிச்சுப் போயிட்ட."

அக்டோபர் 17, வியாழன்

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அம்மா தையல்காரி. ஒற்றை நாற்காலியிலிருந்த துணிக்குவியலை எடுத்துவிட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றாள். உட்காரத் தோன்றவில்லை. வழியெல்லாம் நான்கு வாக்கியம் தயார் செய்திருந்தேன். உள்ளறைத் திரைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்ததும் ஒன்றும் நினைவில் இல்லை. "தப்பு என்னோடது" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். கால்கள் அசையவில்லை.

"நீங்க இருக்கிற வரைக்கும் வர மாட்டாளாம்" என்றாள் தையல்காரி. "தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்கூலே வேணாம், தையல் கத்துக்கறேங்கறா. நேத்து அஞ்சு சட்டைக்குக் காஜா எடுத்துட்டா. நல்லாவே எடுக்கறா டீச்சர். அதான் பயமா இருக்கு."

அக்டோபர் 18, வெள்ளி

நான் படித்த கான்வென்டில் மதர் என்னை வகுப்பு வாசலில் நிறுத்தியிருக்கிறார். அப்படி நின்றுதான் உருப்பட்டேன் என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! காலையிலிருந்து, அன்று என் பக்கத்தில் நின்ற இன்னொருத்தி நினைவுக்கு வருகிறாள். அடுத்த வருடம் அவள் பள்ளியில் இல்லை.

ஏன் என்று நான் கேட்டதாக நினைவில்லை. கேட்கவில்லை. நினைவு சரியாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

தங்கையிடம் சொன்னேன்: "எழுதத்தானே கூடாது, பேசலாமே. நீ வகுப்பெடு. நான் போர்டுல எழுதறேன்."

"நீ எனக்கு அசிஸ்டெண்டா?" சிரிக்காமல்தான் கேட்டாள். "நான் சொல்றதை அப்படியே எழுதணும். பிள்ளைங்க முன்னாடி என்னைத் திருத்தக் கூடாது."

"திருத்த மாட்டேன்."

"முகத்தை அப்படி வச்சுக்கக் கூடாது."

"எப்படி?"

"இப்ப வச்சிருக்கியே, அப்படி."

தலைமையாசிரியரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

அக்டோபர் 21, திங்கள்

நான் பிரித்துப் போட்ட பெஞ்சுகளைப் பிள்ளைகள் கலைத்துப் போட்டார்கள். இப்போது நான்காம் வகுப்பு மொத்தமும் ஆளுக்கொரு சின்னப் பிள்ளையோடு உட்கார்ந்து வாசிப்புக் கேட்கிறது. இனி யார் எதற்கு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. தங்கை அதைத்தான் நினைத்திருப்பாள்.

"எழுத்து கொஞ்சம் பெரிசா, அக்கா."

பெரிதாக எழுதினேன்.

அக்டோபர் 24, வியாழன்

தங்கை தினமும் மாலையில் தையல்காரி வீட்டுக்குப் போகிறாள். என்னைக் கூப்பிடவில்லை. நானும் வரட்டுமா என்று கேட்கவில்லை. அங்கே என் முகம் உதவாது.

அக்டோபர் 30, புதன்

பதின்மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே குறி போடுவது என் வேலை.

நவம்பர் 5, செவ்வாய்

மதியத்துக்குப் பிறகு நான்காம் வகுப்புக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் தங்கை, "வா" என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை. ஒரு பிஞ்சுக் குரல், "சின்ன டீச்சர், இங்க இங்க" என்றது. பெஞ்சு நகர்ந்தது.

பிஞ்சுக் குரல் பாடத்தை வாசித்து முடித்தது. அப்புறம் அதே பாடம், இன்னொரு குரலில், முதல் வரியிலிருந்து. மெதுவாக. ஒரு சொல்லில் நின்றது. பிஞ்சுக் குரல் அதை எடுத்துக் கொடுத்தது. மீண்டும் நகர்ந்தது.

எழுத வேண்டிய கணக்கை எழுதி முடித்துவிட்டிருந்தேன். தங்கை அடுத்ததைச் சொல்லவில்லை. நான் திரும்பவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாடம் முடிய இன்னும் அரைப் பக்கம் இருந்தது.