அவதாரம் என்று நான் சொன்னது

வெசாக் நாள், நெளுக்குளம்

என் மடத்தனத்தையும் சேர்த்து, இன்று நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன்.

மத்தியான வெயிலில் நானும் என் முஸ்லிம் சிநேகிதி சப்னாவும் சைக்கிளில் வந்தோம். வீதியோரத்தில் புத்தர் பிறந்த நாளுக்கு வெசாக் பந்தல் போட்டு, எல்லோருக்கும் இலவசமாகச் சர்பத் கொடுத்தார்கள். ஒரு சிங்கள அம்மா எங்களையும் மறித்து ஆளுக்கொரு கப் நீட்டினார். சப்னாவுக்கு ஏற்கெனவே தலையிடி. ஆனாலும் குடிக்காமல் என் காதில் கேட்டாள்.

“இது சாமிக்குப் படைச்சதாடி? படைச்சதெண்டா நான் குடிக்கக் கூடாது.”

“பயப்பிடாத. புத்தர் எங்கட விஷ்ணுவின்ர அவதாரம்தான். நான் வாசிச்சனான்.”

எங்கள் வீட்டுப் பொங்கலையே, படைக்க முதல் எடுத்து வைத்தால்தான் அவள் சாப்பிடுவாள். அது அப்போது என் நினைவில் வரவில்லை.

“அப்ப கட்டாயம் ஏலாது!” என்று கப்பைத் திரும்ப வைத்துவிட்டாள். அந்த அம்மாவின் முகம் வாடியது. நான் அவதாரக் கதையையும் சேர்த்து, தட்டுத்தடுமாறிக் காரணம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“புத்தருக்கு வைக்கிறது பன்சலைக் கோயிலில, மகள். இது தாகத்துக்குக் குடுக்கிறது. குடுத்தா எங்களுக்குப் புண்ணியம்.”

“எங்களிலயும் இருக்கு. சதக்கா எண்டு சொல்லுவம்,” என்ற சப்னா ஒரே மூச்சில் குடித்து, இன்னொரு கப்பும் வாங்கினாள். வழியெல்லாம் என்னைப் பகிடி பண்ணிக்கொண்டு வந்தாள். “உன்ர புத்தகத்தை நம்பியிருந்தா நான் றோட்டில மயங்கி விழுந்திருப்பன்.”

புத்தரைப் பற்றி இரண்டு புத்தகம் வாசித்திருக்கிறேன். அவரைக் கும்பிடுகிற ஒருவரோடு இன்றுதான் கதைத்தேன். புத்தரை விஷ்ணு என்று நான் சொன்னது அந்த அம்மாவுக்கு நோகவில்லையா? சிரித்தாரே தவிர, ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. கேட்டிருக்கலாம். நாளைக்கும் பந்தல் இருந்தால்...

அக்கா லைற்றை நிற்பாட்டிவிட்டாள்.