பதினோராவது கட்டில் பாய்ந்தவன்

மார்ச் 3, செவ்வாய்

ரெக்கார்டு கம்பெனியிலிருந்து போன். எங்கள் முதல் இசைத்தட்டு வந்து நாற்பது வருடம் ஆகிறதாம், திரும்பப் போடப்போகிறார்கள். அட்டையின் உள்பக்கத்துக்கு நான் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். "அந்த கிட்டார் சோலோ எப்படிப் பிறந்துச்சுன்னு எழுதுங்க சார், எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க" என்றாள் அந்தப் பெண்.

எப்படிப் பிறந்தது! குறைப்பிரசவம், அம்மா, குறைப்பிரசவம். வாய்வரை வந்தது. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 4

ஒரு வரிகூட வரவில்லை. மூன்று தடவை பென்சில் சீவினேன். "கம்பியை அந்த வளை வளைச்ச கை, நாலு எழுத்துக்கு இந்தப் பாடா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் மனைவி.

மார்ச் 6, வெள்ளி

டயர் கடையின் மேல்மாடி ஞாபகம். ஞாயிறு காலையில்தான் கீழே சுத்தியல் சத்தம் இருக்காது, அதனால் ஞாயிறு காலையில் பதிவு. ஜன்னலில் ஒரு பழைய மெத்தையைச் சாத்தியிருந்தோம். கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பின் வால்வுகள் சூடேறப் பத்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் உள்ளேயிருக்கும் தூசி கருகி ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எங்காவது இஸ்திரிப் பெட்டி அதிகமாகச் சூடானால் எனக்கு வாசிக்கத் தோன்றுகிறது!

மூன்றே பேர். நான் கிட்டார். தம்பி பேஸ் கிட்டார். அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான், டிரம்ஸ். ஓட்டை வேனில் ஊர் ஊராகப் போனோம். கல்லூரி விழா, கிளப், துறைமுக கேன்டீன் — கூப்பிட்ட இடமெல்லாம் ப்ளூஸ் என்ற அமெரிக்க இசை. பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது, ஆனாலும் தலையாட்டினார்கள். எத்தனை சிரிப்பு! அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு தடவை இருபத்துநாலு வயசாகலாம்.

அத்தான் போய் நாலு வருடம். அந்தச் சாவு வீட்டில்கூடத் தம்பி என்னைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டான்.

மார்ச் 9, திங்கள்

உண்மையை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

நாலு தட்டுத் தாளம் ஒரு கட்டு; அந்தப் பாட்டு பன்னிரண்டு கட்டுகளாகச் சுற்றும். பன்னிரண்டும் முடிந்த பிறகுதான் நான் தனியாக வாசிக்கும் சோலோ. நான் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பதினோராவது முடிந்ததுமே பாய்ந்துவிட்டேன். அதே நொடியில் தம்பியின் பேஸும் என்னோடு நகர்ந்தது. அதனால் என் தப்பு தப்பாகவே கேட்கவில்லை. "துணிச்சலான நுழைவு" என்று பத்திரிகையில் எழுதினார்கள். நாற்பது வருடமாக அந்தப் பேரில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

ஏழு வருடத்துக்கு முன் ரேடியோ பேட்டியில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அந்த இடத்தில் ஒரு கட்டு குறைகிறதே என்றார். நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? சொன்னது இது: "என் தம்பி எண்ணத் தெரியாம சறுக்கிட்டான் சார், நான்தான் சமாளிச்சு இழுத்து நிறுத்தினேன்." எல்லாரும் சிரித்தார்கள். தம்பி தன் வீட்டுச் சமையலறையில் ரேடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தானாம். அன்றோடு பேச்சு நின்றது.

ஏன்டா அப்படிச் சொன்னேன்? கூடப் பிறந்தவனை விட்டுக்கொடுத்துத்தானா எனக்குப் பேர் வரவேண்டும்?

மார்ச் 12

போன் செய்தேன். தம்பி மனைவி எடுத்தாள். "குளிக்கிறார்னு சொல்லச் சொல்றார்" என்றாள். பாவம், பொய் சொல்ல வராத பெண்.

மார்ச் 14, சனி

எழுதிவிட்டேன். "அவசரப்பட்டவன் நான். நொடியில் என்னோடு நகர்ந்து என் மானத்தைக் காப்பாற்றியவன் என் தம்பி." கம்பெனிக்குப் போகும் முன் அவன் பார்க்கட்டும் என்று ஒரு பிரதியை அவனுக்குத் தபாலில் போட்டேன்.

"இது வெளிய வந்தா உங்க பேரு?" என்றாள் மனைவி.

பேர் கிடக்கட்டும் என்றேன்.

மார்ச் 18

தபால்காரரைத் தவிர யாரும் மணி அடிக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

தம்பி வந்தான்! காலை பத்து மணிக்கு, தலையெல்லாம் நரைத்து, கையில் என் கடிதம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீ எழுதுனதும் பொய்தான்" என்றான்.

எனக்கு உயிரே போய்விட்டது.

"நான் யாரையும் காப்பாத்தலை. உன் விரலையே பாத்துக்கிட்டு நானும் எண்ணிக்கையைக் கோட்டை விட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் விழுந்தோம். அத்தான் ஒருத்தர்தான் சரியா எண்ணிக்கிட்டு இருந்தாரு. பன்னெண்டாவது கட்டை வாசிக்காம முழுங்கிட்டு நம்ம பக்கம் வந்துட்டாரு. டிரம்ஸை மட்டும் கேட்டுப் பாரு, தெரியும்."

கேட்டோம். ஆமாம். நாற்பது வருடமாக நான் என் கிட்டாரை மட்டுமே கேட்டிருக்கிறேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"அப்புறம் ஏழு வருஷம் எதுக்குடா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருந்த?"

"நீ சொன்னதுல பாதி நிஜமாச்சே. முழுப் பொய்யா இருந்தா அடுத்த வாரமே சண்டைக்கு வந்திருப்பேன்."

கிழவன்கள் இரண்டு பேர் கூடத்தில் நின்று அழுதால் பார்க்கச் சகிக்காது. மனைவி காபி போட உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

புதிதாக ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக அக்கா வீட்டுக்குப் போனோம். படித்துக் காட்டினோம்; துணி மடித்தபடியே கேட்டாள்.

"இதுக்கா ரெண்டு பேரும் இப்படி இருந்தீங்க? சண்டை எதுக்குன்னு ஒருத்தனும் வாயைத் திறக்கலையே! ரெக்கார்டிங் முடிஞ்ச அன்னிக்கு மத்தியானமே அவர் வந்து சொன்னாரே. 'உன் தம்பிங்க ரெண்டு பேரும் சேந்தாப்ல தப்பு பண்ணானுங்க. அவ்வளவு அழகா இருந்துச்சு, நிறுத்த மனசு வரலை'ன்னு."

கொண்டுபோன பக்கத்தைக் கிழித்துவிட்டு, அத்தான் சொன்னதை மட்டும் எழுதினோம். எழுத்து தம்பியுடையது.