சத்தம் வராத கீபோட்

வவுணதீவு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அஜந்தாவுக்கு,

உன் தோள்வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே நானும் பிள்ளை நிருஷாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். லீவில் வந்திருந்த புஸ்பம் புதன்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். இதை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். தினமும் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிற மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று பதறாதே. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம் இது.

மூன்று மாதமாக உன்னிடம் பொய் சொல்லி வருகிறேன். நீ பிள்ளைக்கு அனுப்பிய கீபோட் வந்துவிட்டது, நன்றாக வாசிக்கிறாள் என்றேன். வந்தது உண்மை. அவள் அதில் ஒரு நாள்கூட வாசிக்கவில்லை. நான் வாசிக்க விடவில்லை.

உன் பெட்டி வந்து சேர்ந்த அன்று வீட்டில் எங்கள் இசைக்குழுவின் ஒத்திகை. பிரதீசும் மற்றப் பெடியன்களும் இருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் பெட்டியைப் பிரித்தோம். இரண்டு சாண் நீளம், இருபத்தைந்து கட்டை, தூக்கினால் பாரமே இல்லை. மின்சாரம் கொடுக்க இடமில்லை, பற்றரி போட இடமில்லை, ஸ்பீக்கரும் இல்லை. எல்லாக் கட்டையையும் அழுத்திப் பார்த்தேன். ஒரு சத்தம் வரவில்லை. விளையாட்டுச் சாமானைக் கொடுத்து உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நிருஷா மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, இது தனியச் சத்தம் போடாது. கொம்பியூட்டர்ல கொழுவினாத்தான் சத்தம் வரும்" என்றாள். இருபத்திரண்டு வருசமாக மேடையில் வாசிக்கிறவனுக்குக் கீபோட் படிப்பிக்க வந்துவிட்டாயா என்று கேட்டேன். அவள் வயரை எடுத்துத் தன் பழைய லப்டொப்பில் செருகினாள். கீபோட்டில் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன் அஜந்தா. பார்த்துக்கொண்டேதான், லப்டொப் எரிந்துபோகும் என்று சொல்லி வயரைப் பிடுங்கினேன். பிறகு அவள் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

நாலு மாதம் தேடித்தான் அதை அவள் தெரிந்தெடுத்திருக்கிறாள். கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாள். உன்னால் வாங்கக்கூடிய விலைக்குச் சத்தம் வருகிற கீபோட் வாங்கினால், மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே மாதிரித்தான் கேட்குமாம். அதே விலைக்கு இந்தச் சின்னது விரலின் பாரத்தை அறியுமாம். சத்தத்தைக் கொம்பியூட்டரில் இருக்கிற மென்பொருள் கொடுக்குமாம். அவளுடைய லப்டொப் கிழடு என்பதால் பெரிய மென்பொருள்கள் போட்டால் இறுகி நிற்குமாம். அதற்கும் ஏழெட்டைப் போட்டுப் பார்த்து, காசில்லாமல் கிடைக்கிற பாரமில்லாத ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் பெயருக்குக் கீழே மூன்று கோடு போட்டு வைத்திருந்தாள். இந்தக் கொப்பி அலுமாரிக்கு மேல்தான் கிடந்தது. போன மாதம்தான் எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கே பார்த்திருக்கலாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏறாவூரில் அம்பிளிஃபயர் திருத்துகிற உசனார் காக்காவிடம் கொண்டுபோய், எப்படியாவது சத்தம் வரப் பண்ணித் தாருங்கள் என்று கொடுத்தேன். அங்கே கிடந்த பழைய அறுபத்தொரு கட்டைக் கீபோட்டைப் பிள்ளைக்கு வாங்கி வந்தேன். தாளம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. நானென்றால் அதைத்தான் வாங்குவேன். என் மனம் கோணக்கூடாது என்று இரண்டு நாள் வாசித்தாள். பிறகு துணி போட்டு மூடிவிட்டாள்.

போன மாதம் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் கலியாண வீட்டுக்கு வாசிக்கப் போனோம். எங்களுக்கு முன்னால் கொழும்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை வாசித்தது. நிருஷாவின் வயதுதான் இருக்கும். மேசையில் ஒரு லப்டொப், பக்கத்தில் இரண்டு சாண் கீபோட். அதிலிருந்து வயலின் வந்தது, புல்லாங்குழல் வந்தது, மழை பெய்கிற மாதிரி ஏதோ ஒன்றும் வந்தது. நான் போய், இது எப்படி என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சொன்னது ஒரு வசனம்தான். நிருஷா சொன்ன அதே வசனம். பிரதீஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்கு நான் எப்படி வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த நாள் காலையிலேயே ஏறாவூருக்கு ஓடினேன். உசனார் காக்கா சந்தோசமாக வரவேற்றார். செய்தவன்கள் ஸ்பீக்கர் வைக்கவே மறந்துபோனான்கள் தம்பி, நான் வைத்துவிட்டேன் என்றார். றேடியோ ஸ்பீக்கர் ஒன்றை உள்ளே வைத்து ஒட்டி, கரண்டும் கொடுத்துப் பார்த்திருக்கிறார். உள்ளே எல்லாம் கருகிக் கிடந்தது. அவரை நான் எப்படி ஏசுவது? பழுதில்லாத சாமானைத் திருத்தக் கொடுத்தவன் நான்.

தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் நீ மன்னித்துவிடுவாய். ஆனால் அது முழு உண்மை இல்லை. அவள் என்னிடம் கேட்காமல் உன்னிடம் கேட்டது எனக்குச் சுட்டது. நான் கீபோட்காரன், என் மகள் எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துவைத்திருக்கிறாள், அதுவும் என் பெடியன்கள் முன்னால். அதை என்னால் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது அஜந்தா. நீ அங்கே அந்தத் தோளோடு வீடு துடைத்து அனுப்பியதை நான் இங்கே என் கெப்பருக்கும் வீம்புக்கும் கொடுத்துவிட்டேன்.

இவ்வளவையும் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், வெள்ளிக்கிழமை புஸ்பம் ஒரு கதை சொன்னாள். நிருஷா அவளிடம் போய், தனக்கும் அங்கே ஒரு வீட்டுவேலை தேடித் தரச் சொல்லியிருக்கிறாள். புளியந்தீவில் பாஸ்போட்டுக்குப் படமும் எடுத்துவிட்டாளாம். பாட்டுக்கு இசை போடுகிற ஆசை என்னவாயிற்று என்று புஸ்பம் கேட்டதற்கு, "மாமி, அது எனக்குச் சரிவராது. அப்பாவே சிரிச்சிட்டார்" என்றிருக்கிறாள்.

அவள் அங்கே வரக்கூடாது என்றுதான் நீ போனாய். அவள் கேட்டால் ஓம் என்று சொல்லிவிடாதே. கும்பிட்டுக் கேட்கிறேன்.

இன்னொன்று வாங்கிக் கொடுக்க நான் ஆயத்தம். நீ அனுப்ப வேண்டாம். ஆனால் அவள் எழுதிய கொப்பியையும் இப்போது காணவில்லை. அதிலிருந்த பெயர் ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை. கடையில் போய் நின்றால் எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்க மூன்று தரம் அவளுடைய அறை வாசல்வரை போனேன். மூன்று தரமும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மாமாங்கேஸ்வரர் உன் தோளையும் உன்னையும் சுகமாக வைத்திருக்கட்டும். என்னை நீ எப்படி ஏசினாலும் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன் அவளை அழைத்து, "எந்தக் கீபோட் நல்லதெண்டு அப்பாவுக்குத் தெரியாதாம், நீ பாத்துச் சொல்லோணுமாம்" என்று சொல்லு. அவள் சரி என்றால் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் அடி. நான் நாலாம் தரம் வாசலுக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் நல்லரத்தினம்