வானம் நல்லா விழுந்திருக்கும்மா

இன்று காலை கைபேசியில் ஓர் அழைப்பிதழ் வந்தது. நம் புகைப்படக் குழுவினர் உன் நினைவாகக் கண்காட்சி வைக்கிறார்களாம். முகப்பில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்தால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். கண்மாய்த் தண்ணீரில் வெள்ளை மேகம் மிதக்கிற அந்தப் படம். கீழே, ‘அன்னாரின் ஆகச் சிறந்த படைப்பு’ என்று வேறு எழுதியிருக்கிறார்கள். கெட்டுப்போனது என்று நீ ஒதுக்கியதைத் தேடிப் பிடித்துத் தங்க நிறச் சட்டம் போட இவர்களால்தான் முடியும்.

அதை எதற்காக எடுத்தாய் என்று இவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. கோச்சடையைத் தாண்டிக் கண்மாய்க் கரையோரம் உன் தெரு. போர்வெல் தண்ணீரில் ஊசிப்போன சாம்பார் வாடை அடிக்கத் தொடங்கியிருந்தது. எதிர்க்கரைக் கல்யாண மண்டபத்தின் கழிவுக் குழாய் கண்மாய்க்குள் திறந்திருந்ததைத் தண்ணீர் வற்றிய கோடையில் பார்த்தது நீதான். மழைக்குப் பிறகு குழாய் மூழ்கிவிட்டது. அதற்குப் பிறகு எடுத்து நாம் புகாரோடு கொண்டுபோன அந்தப் படத்தை மாநகராட்சி அதிகாரி ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வானம் நல்லா விழுந்திருக்கும்மா. குழாய் எங்க இருக்கு?” என்றார். பக்கத்து மேசைக்காரர் அதற்குச் சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமையே காளவாசல் பக்கம் ஒரு கேமரா கடைக்குப் போனோம். உன் மிர்ரர்லெஸ் கேமராவுக்கு இரண்டு பொருள் வேண்டும் என்று நீ முடிவு செய்திருந்தாய். எதிர்க்கரை வரை எட்டுகிற ஒரு ஜூம் லென்ஸ். தண்ணீர்ப் பளபளப்பை வெட்டுகிற ஒரு போலரைசிங் ஃபில்டர். யோசனை சொல்கிறேன் என்று குழுத் தலைவரும் அழைக்காமலே வந்து நின்றார்.

“எடுத்தா இருட்டுலயும் எடுக்குற டூ பாயின்ட் எய்ட் லென்ஸ் எடுக்கணும். மத்ததெல்லாம் பொம்ம” என்று ஒரு பீரங்கியைத் தூக்கிக் கண்ணாடி மேசையில் வைக்கச் சொன்னார். அவர் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. ஆயுத பூசைக்கு மட்டும் பையை விட்டு வெளியே வரும்.

“நான் பட்டப்பகல் வெயில்ல எடுக்கப் போறேன். இம்புட்டு வெயிட்ட யாரு தூக்குறது?” என்றாய் நீ. பிறகு கடைக்காரரிடம், “அண்ணே, அந்தச் சின்ன லென்ஸ்ல ஜூம் பண்ணும்போது முன்பக்கம் சேர்ந்து சுத்துமா?” என்று கேட்டாய்.

நியாயமான கேள்வி. ஃபில்டரைத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு கோணத்தில்தான் பளபளப்பு அடங்கும். லென்ஸின் முன்பக்கம் சுற்றினால் பிடித்த கோணம் போய்விடும். கடைக்காரர், தலைவர் இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

“சுத்துனா என்ன மேடம், ஸ்கூட்டி சக்கரமா கழண்டு ஓட?” என்றார் கடைக்காரர். தலைவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு லென்ஸை நீயே மாட்டி, முன்னும் பின்னும் ஜூம் செய்து பார்த்தாய். சுற்றவில்லை. லென்ஸ் விளிம்பில் இருந்த அறுபத்தேழு என்ற எண்ணைப் படித்து அதே அளவில் ஃபில்டர் கேட்டாய். கடைக்காரர் கொடுத்ததைக் கடைக் கம்ப்யூட்டர் திரைக்கு எதிரே பிடித்துச் சுற்றினாய். திரை அப்படியே இருந்தது.

“இது வெறும் கண்ணாடி, அண்ணே. வேற குடுங்க.”

இரண்டாவதைச் சுற்றியபோது திரை மெல்ல இருண்டு கறுத்தது. தலைவர் திடீரென்று முக்கியமான அழைப்பு வந்ததுபோல் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வண்டியை எடுக்கும்போது கேட்டாய், “நீயும்தானடி சிரிச்ச?”

“சும்மாதாண்டி.”

“அவங்களும் சும்மாதான் சிரிச்சாங்க.”

மறுநாள் காலை கரைச் சரிவில் இறங்கி நின்றோம். முதலில் என்னைப் பார்க்கச் சொன்னாய். கேமராத் திரை முழுக்க வானம். நீ ஃபில்டரைத் திருப்பத் திருப்ப வெளுப்பு வடிந்துகொண்டே போனது. ஒரு முழ ஆழத்தில் குழாயின் வாய், அதில் சிக்கிய கிழிந்த வாழை இலை, சுற்றிலும் படிந்த சோறு. எந்த ஊர் விருந்தோ, நம் குடிதண்ணீருக்குள் கிடந்தது.

மனு எழுதியதும் பேனாவை என்னிடம் நீட்டினாய். மண்டபக்காரர் நான் வேலை பார்க்கும் பள்ளியின் தாளாளருக்குச் சம்பந்தி. “என் பேரு வேண்டாம்டி, வேலைக்கு ஆபத்து” என்றேன். நீ தனியாகக் கையெழுத்துப் போட்டாய். கடைக்காரரையும் தலைவரையும் அதிகாரியையும் நான் எவ்வளவு வேண்டுமானாலும் இளக்காரமாக எழுதலாம். அவர்கள் யாரும் உன் தோழி என்று சொல்லிக்கொள்ளவில்லை. நான் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் குழாயை வெட்டினார்கள். நாலாம் மாதம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. பதினாறாம் நாள் உன் அண்ணன் கேமராப் பையை என் கையில் கொடுத்து, “உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொன்னா” என்றார். கூனிக் குறுகி வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் பத்தடி தள்ளிப் புதுக் குழாய் போட்டிருந்தார்கள். நான் தனியாகப் போனேன். ஆறு படம் வானமாகவே விழுந்தது. ஏழாவதில் குழாய் தெரிந்தது. மனுவில் என் பெயரையும் என் பள்ளியின் பெயரையும் எழுதிக்கொண்டு போனேன். அதே அதிகாரி.

“கூட ஒரு மேடம் வருவாங்களே, வரலையா?”

“இறந்துட்டாங்க, சார்.”

“அடடா” என்றவர், மனுவை ஓரமாகத் தள்ளி, “வச்சிட்டுப் போங்க, பாப்போம்” என்றார்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். “அவ இருந்தா ரசீது வாங்காம எந்திரிக்க மாட்டா, சார். நானும் எந்திரிக்கல.”

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. ஒருவழியாக இழுப்பறையில் முத்திரைக் கட்டையைத் தேடியபடி, “பேரு சரியா சொல்லுங்கம்மா” என்றார்.

எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.